ஒரு கீறலும் இல்லை என்று சொன்னேன்



ஐப்பசி பிறந்ததிலிருந்து பிற்பகல்தோறும் மழை பெய்கிறது. குருமனை முற்றத்தில் பாசி ஏறத் தொடங்கிவிட்டது. மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் வரும் சாலையில், இருபுறமும் ரப்பர் மரங்கள் அடர்ந்து நிற்கும் இடங்களில், மழை ஓய்ந்து இரண்டு மணி நேரம் ஆன பின்னும் தார் காய்வதில்லை. வெயில் கீழே இறங்க அங்கே வழியில்லை. அந்தச் சாலையில்தான் நாம் எல்லாரும் ஏதேனும் ஒரு காரியமாக அன்றாடம் போய் வருகிறோம்.

சென்ற வாரம் சபை மலர்க் குழுவினர் என்னிடம் வந்தார்கள். சென்ற ஆண்டு இதே மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் சொன்ன சாட்சியை மலரில் அச்சிட விரும்புவதாகவும், அதை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். கார் வளைவில் சறுக்கிச் சுழன்று, சானல் கரையில் ஓரடி இடைவெளியில் நின்ற கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள்கள் காகிதம் வெறுமையாகவே இருந்தது. அந்தச் சாட்சியில் ஒன்று தவறாகச் சொல்லப்பட்டது; ஒன்று சொல்லப்படவே இல்லை. அச்சில் ஏறும் முன் இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நடந்தது இது. வியாழக்கிழமை இரவு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் உபதேசியார். பின்னால் என் மனைவியும், கூட்டத்துக்கு வந்திருந்த நம் சபையின் அக்கா ஒருவரும். அவர்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்கிறவர்கள். யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பகல் முழுவதும் மழை இல்லை. நாங்கள் புறப்பட்டபோதுதான் தூறல் விழுந்தது. கண்ணாடித் துடைப்பானைக்கூட முதலில் நான் போடவில்லை. வேகம் ஐம்பது இருக்கும். இறக்கத்தில் இடப்புறமாகத் திரும்பும் வளைவு. எதிரே ஒரு மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. விளக்கொளி கண்ணில் பட்டதும் நான் பிரேக்கைத் தொட்டேன். மிதித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டேன்.

அந்தக் கணத்தில் என் முதுகுக்குப் பின்னால் காரின் பாதி என்னைவிட்டுப் பிரிந்து போனதுபோல் இருந்தது. முன்பக்கம் வளைவுக்குள் திரும்பிக்கொண்டேயிருக்க, பின்பக்கம் வலப்புறமாக வெளியே வீசிச் சென்றது. நான் இன்னும் அழுத்தமாகப் பிரேக்கை மிதித்தேன். கார் சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி, பின்பக்கம் ஒரு ரப்பர் மரத்தில் மோதி நின்றது. மரம் இல்லையென்றால் சானல். மோட்டார் சைக்கிள்காரர் நல்ல வேளையாக ஓரம்கட்டி நின்றுவிட்டார். அவரே ஓடிவந்து கதவைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பீடத்தில் நின்று, “நாலு பேரில் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை” என்று சொன்னேன். பாடகர் குழு துதிப்பாடல் பாடியது. பலர் கண்ணீர் விட்டார்கள். மூன்றாவது வரிசையில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வலது கை முந்தானைக்குள் இருந்தது. திங்கட்கிழமை காலை வீக்கம் தாங்காமல் மருத்துவமனைக்குப் போனபோதுதான் மணிக்கட்டு எலும்பு முறிந்திருப்பது படத்தில் தெரிந்தது. இது முதல் திருத்தம்.

இரண்டாவது திருத்தம் காரின் பின்சக்கரங்களைப் பற்றியது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் சபையில் இப்போது கார் வைத்திருக்கிற வீடுகள் பல. நான் செய்ததையே செய்துகொண்டிருப்பவர்களும் இருக்கக்கூடும்.

விபத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன், டயர்கள் தேய்ந்துவிட்டன என்று ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் சபைத் தம்பி சொன்னார். நாலையும் மாற்றச் சொன்னார். மகளுடைய கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. இரண்டு மட்டும் போதும் என்றேன். “அப்படீன்னா புதுசு ரெண்டையும் பின்னாடி போடுவோம் ஐயா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. என்ஜின் முன்னால் இருக்கிறது, இழுப்பது முன்சக்கரம், திரும்புவது முன்சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கு வேலையும் முன்சக்கரத்தினுடையது. நல்ல டயர் முன்னால்தானே இருக்க வேண்டும்? முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவன் என்ற எண்ணம் வேறு. “முன்னாலேயே போடு தம்பி” என்று சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி பேசவில்லை. ஆயரிடம் யார் இரண்டாம் முறை வாதாடுவார்கள்? பழைய டயர் இரண்டும் பின்னாலேயே இருந்தன. எனக்கு 7,000 ரூபாய் அளவில் மிச்சம்.

விபத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டியைப் பார்க்க அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஞாயிறன்று என் சாட்சியை அவரும் கேட்டிருந்தார். கொஞ்ச நேரம் அதையும் இதையும் செய்துகொண்டிருந்துவிட்டு, “ஐயா, ஒரு காரியம் காட்டணும்” என்று சுவரோரம் சாத்தி வைத்திருந்த இரண்டு டயர்களையும் உருட்டி வந்தார். ஒவ்வொரு டயரின் பள்ளங்களுக்குள்ளும் சில இடங்களில் சிறு ரப்பர் மேடுகள் உண்டு. அவை இருக்குமிடத்தைக் காட்டப் பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ ஒரு முக்கோணக் குறியோ இருக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும்போது டயரின் மேல்பரப்பு அந்த மேடுகளோடு சமமாகிவிடும். அதற்குமேல் அந்த டயரோடு காரை ஓட்டக்கூடாது. புதுக் கார் டயரில் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். என் டயர்களில் மேடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. விரலால் தடவினால் சிலேட்டைத் தடவுவதுபோல் இருந்தது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கங்கள் இருந்தன: 3116. அதாவது 2016ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர். தேயாமல் இருந்திருந்தால்கூட அத்தனை ஆண்டுகளில் ரப்பர் இறுகிப் போயிருக்கும்.

பிறகு அவர் என்னைத் தரையைப் பார்க்கச் சொன்னார். “நீங்க தேஞ்ச செருப்பப் போட்டுட்டு பாசி பிடிச்ச முத்தத்துல நடப்பீங்களா ஐயா?” அவ்வளவுதான் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாடகர் குழுவில் தாழ்குரல் பாடும் நம் இயற்பியல் ஆசிரியரிடம் போய், இது எப்படி நடக்கிறது என்று பாடம் கேட்டேன். பள்ளியில் கவனிக்காமல் விட்டதை ஐம்பதைக் கடந்த பின் கற்றுக்கொண்டேன்.

ஒரு கார் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. நாலு பேரையும் ஒரு டன்னுக்கு அருகான இரும்பையும் சாலையோடு பிணைத்து வைத்திருப்பது நாலு உள்ளங்கைகள்தாம். அந்தப் பிடி இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, ரப்பர் தரையோடு ஒட்டுகிறது. மற்றது, தாரிலுள்ள சல்லிகளின் கூரிய முனைகளுக்குள் ரப்பர் அமிழ்ந்து, அவற்றைப் பற்றிக்கொள்கிறது. இடையில் மிக மெல்லிய தண்ணீர்ப் படலம் வந்தாலும் முதல் வழி பெரும்பாலும் அடைபட்டுப்போகும். எஞ்சுவது இரண்டாவது வழி மட்டும். அதற்கும் ரப்பர் சல்லியைச் சென்று தொட வேண்டும். தொடுவதற்கு இடையிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். டயரில் பள்ளங்கள் இருப்பது இதற்காகவே. காய்ந்த சாலையில் பிடிப்புக்குப் பள்ளமே தேவையில்லை. பந்தயக் கார்கள் வெயிலில் மொழுமொழுவென்ற டயரில்தான் ஓடுகின்றன. பள்ளம் என்பது தண்ணீர் ஓடுவதற்கான ஓடை.

எவ்வளவு தண்ணீர் என்று ஆசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள டயர், 2 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு விநாடியும் 5 லிட்டர் தண்ணீரை அது வழியிலிருந்து அகற்றியாக வேண்டும். டயரின் ஒரு பகுதி தரையைத் தொட்டு மீண்டும் மேலே எழும் நேரமோ நூறில் ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் தண்ணீர் வெளியேறாவிட்டால், அது டயரின் முன்விளிம்புக்கு அடியில் ஆப்புப்போல் நுழைகிறது. வேகம் கூடக்கூட ஆப்பு உள்ளே செல்கிறது; உள்ளங்கையில் பாதி, பிறகு கால்வாசிதான் தரையைத் தொடுகிறது. கடைசியில் டயர் முழுவதும் தண்ணீர்மேல் மிதக்கிறது. ஹைட்ரோபிளேனிங் என்பது அதுதான். அந்நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் கார் அறியாது.

விமானங்கள் ஈர ஓடுபாதையில் சறுக்குவதைக் குறித்து, அமெரிக்காவின் நாசா லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1960களின் தொடக்கத்தில் சோதனைகள் செய்தார்கள். அவர்கள் கண்ட கணக்கு எளியது. தேய்ந்த டயரோ, பள்ளங்களை மூழ்கடிக்கும் அளவு ஆழமான தண்ணீரோ இருந்தால், மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காற்று 30 இருந்தால் அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 91 கிலோமீட்டர். காற்று 24 ஆனால் 82. அதாவது காற்றைக் குறைத்தால் இன்னும் மெதுவான வேகத்திலேயே டயர் மிதந்துவிடும். இதைக் கேட்டபோது என் முகம் மாறியதை ஆசிரியர் கவனித்திருப்பார். மழைக்காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடி கூடும் என்று வாலிப வயதில் யாரோ சொன்னதை நம்பி, அந்த மாதத் தொடக்கத்தில் நாலு சக்கரங்களிலும் காற்றை நானே குறைத்திருந்தேன். டயர் மாற்றுகிறவர்களுக்குப் புத்தி சொல்லவும் செய்திருக்கிறேன். கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் போட்டுள்ள அளவுக்குக் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஆனால் அன்று நாங்கள் தண்ணீரில் மிதக்கவில்லை. வேகம் ஐம்பதுதான், சாலையில் தேங்கிய தண்ணீரும் இல்லை, தூறல் மட்டுமே. அந்தத் தூறல்தான் மோசமானது. பல நாள் வெயிலில் சாலையில் படிந்த டீசல் துளியும் எண்ணெயும் டயர்த் தூளும் செம்மண்ணும் முதல் நனைப்பில் குழைந்து மெழுகாகின்றன. கனமழை அவற்றைக் கழுவிக் கொண்டுபோய்விடும். தூறல் குழைத்து வைத்துவிட்டுப் போகும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான் நாம் வேகத்தைக் குறைப்பதில்லை. நானும் குறைக்கவில்லை.

காய்ந்த தாரில் நல்ல டயரின் உராய்வுக் குணகத்தை 0.7 என்று வைத்துக்கொண்டால், நனைந்த தாரில் 0.4 என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆசிரியர். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக் பிடித்த பின், முதலாவதில் 20 மீட்டரில் நிற்கும். இரண்டாவதில் 35 மீட்டர் ஓடும். நாம் ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைக்கும் ஒரு விநாடிக்குள் கார் கடந்துவிடும் ஏறக்குறைய 17 மீட்டர் இதில் சேரவில்லை. ஆகவே ஈரச் சாலையில் முன்வண்டிக்கும் நமக்கும் நாலு விநாடியாவது இடைவெளி வேண்டும். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கினால் தெரிந்துவிடும்.

வளைவில் இன்னொரு காரியம் உண்டு. டயரின் பிடி கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணம் மாதிரி. திரும்புவதற்குக் கொஞ்சம் செலவாகிறது, பிரேக்குக்குக் கொஞ்சம் செலவாகிறது. இரண்டும் ஒரே பையிலிருந்து. அந்த வளைவின் ஆரம் 50 மீட்டர் என்று மதிப்பிட்டு ஆசிரியர் கணக்கிட்டார். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அதில் திரும்புவதற்கு மட்டுமே 0.39 அளவு பிடி வேண்டும். நனைந்த சாலையில் நல்ல டயரிடமே இருப்பது 0.4. என் பின் டயர்களிடம் அதுவும் இருந்திருக்காது. பை காலியாகிவிட்ட நேரத்தில் நான் பிரேக்கைத் தொட்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன். நாற்பது கிலோமீட்டரில் போயிருந்தால் 0.25 போதுமாக இருந்திருக்கும். பத்து கிலோமீட்டர்! அந்த வித்தியாசத்தில் வீட்டுக்கு இரண்டு நிமிடம் தாமதமாகப் போயிருப்போம்.

பின்சக்கரத்துக்கு ஏன் நல்ல டயர் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பிரேக்கைத் தொட்டதும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலுங்கூட, வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரங்கள் அழுந்துகின்றன, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. முன்னால் தேய்ந்த டயர் இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும். ஸ்டீயரிங் இலேசாகி, கார் நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். அது கையில் தெரியும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்னால் தேய்ந்த டயர் இருந்தால் பின்பக்கம் முதலில் வழுக்கும். அது கைக்குத் தெரியாது. தெரியும்போது கார் பாதி சுழன்றிருக்கும். பயத்தில் நாம் பிரேக்கை மிதிப்போம். அது பின்பக்கத்தை இன்னும் இலேசாக்கும். சாதாரண ஓட்டுநர் ஒருவர் அதை மீட்பது அரிது. இரண்டே டயர் வாங்கினால், கார் முன்சக்கரத்தில் இழுப்பதானாலும் புதியவற்றைப் பின்னால் போடுங்கள் என்று டயர் நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. ஒர்க்‌ஷாப் தம்பி சொன்னது அதைத்தான். புது வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், திருப்பும் வசதியைக் காக்கும். தரையில் இல்லாத பிடியை அது உண்டாக்கித் தராது. என் பழைய வண்டியில் அதுவும் இல்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் ஓர் ஆண்டு நான் பீடத்தில் வாய் திறக்கவில்லை. மருத்துவச் செலவை ஏற்றேன். அக்காவின் வீட்டுக்குப் பல முறை போய் ஜெபித்தேன். நாலு டயர்களையும் மாற்றினேன். பீடத்தில் சொன்னதைப் பீடத்தில் திருத்த மட்டும் மனம் வரவில்லை. அரசரடியில் இறையியல் படித்த காலத்தில் கிரேக்க வகுப்பில், சாட்சி என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வரும் ‘மார்த்துரியா’ என்ற சொல் நீதிமன்றத்திலும் வழங்கிய சொல் என்று கற்றேன். அதைப் பல பிரசங்கங்களில் சொல்லியும் இருக்கிறேன். கண்டதைக் கண்டபடி சொல்வது. நான் கண்டது ஒரு ரப்பர் மரம், சானல் கரை, ஓரடி இடைவெளி. அவற்றைச் சொன்னேன். தேய்ந்த டயரை அப்போது நான் கண்டிருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தேய்ந்துவிட்டது என்று ஐந்து மாதத்துக்கு முன்பே காதால் கேட்டிருந்தேன். கர்த்தர் காத்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். யாரிடமிருந்து காத்தார் என்று கேட்டால், என்னிடமிருந்து என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மலருக்கு எழுத முடியாமல் போன மூன்றாம் நாள் மாலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுப்பாலைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். டயர் விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, “ரப்பர் வெட்டுறவ கிட்ட வந்து ரப்பர் தேஞ்ச கதையச் சொல்லுதீங்களே ஐயா” என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பின் விலை எனக்குத் தெரியும். ஆறு வாரம் மாவுக்கட்டு, அதற்குப் பின்னும் சில வாரங்கள் கத்தி பிடிக்க முடியாத விரல்கள். கார்த்திகையும் மார்கழியும் பால் நன்றாக ஊறும் மாதங்கள். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டி முந்நூறு மரம் வெட்டுகிறவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது அந்த மாதங்களுக்காகத்தான். சென்ற ஆண்டு அவற்றில் அவர்கள் வீட்டிலிருந்தார்கள். நான் மிச்சம் பிடித்த 7,000 ரூபாய் யாருடைய கையிலிருந்து போயிற்று என்பதற்கு ஆசிரியரின் கணக்கு தேவையில்லை.

“அன்னைக்கே கை வலிச்சுதா அக்கா?” என்று கேட்டேன்.

“வண்டி மரத்துல முட்டுனப்பவே வலிச்சுது ஐயா.”

“பிறகு ஏன் சொல்லவில்லை? ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்லவில்லையே.”

கொஞ்ச நேரம் சாக்கின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். “நீங்க ஒரு கீறலும் இல்லன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்க. எனக்க கைய வெளிய வச்சா ஐயா சொன்னது பொய்யாயிருமே. அதுதான் முந்தானைக்குள்ள வச்சேன்.”

நான் ஜெபித்துவிட்டு எழுந்து வந்தேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை.

மலர்க் குழுவினரே, நீங்கள் கேட்ட ஒரு பக்கம் இதுதான், நீளம் கூடிவிட்டது. சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கையையும் அந்த இரண்டு டயர்களையும் சுருக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் ஒர்க்‌ஷாப் தம்பி ஆழம் அளக்கும் கருவியோடும் காற்றளக்கும் கருவியோடும் ஆலய வளாகத்தில் வேப்பமரத்தடியில் இருப்பார். கட்டணம் இல்லை. கார், ஆட்டோ, இருசக்கர வண்டி எதுவானாலும் கொண்டுவாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இந்த மழைக்கு முன் மாற்றிவிடும்படி சொல்வார். கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் 1.6 வரை காத்திருக்க வேண்டாம் என்பது அவர் கட்சி, இப்போது என் கட்சியும் அதுவே. மாற்றப் பணம் இல்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். முதலில் அவர் அளக்கப்போவது என் காரை.

நேற்று இரவு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபோது மறுபடியும் தூறல். அக்காவை வீட்டில் விடுவதாகச் சொன்னேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் ஏறவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, பின்சக்கரத்தின் பள்ளத்துக்குள் கட்டை விரல் நகத்தை விட்டுப் பார்த்தார்கள். மறுபக்கம் சுற்றிப் போய் அந்தச் சக்கரத்தையும் பார்த்தார்கள். உபதேசியார் குடையைப் பிடித்துக்கொண்டு உடன் போனார். நான் நனைந்தபடி கதவருகே காத்திருந்தேன்.